கேமராவுக்கு 1,86,000 வசூல் பண்றோம், இப்ப தெருவே ரெண்டா நிக்குது. என்ன பண்றது?

தறிவீட்டுக்காரன் எழுதியது:

வணக்கம்ங்க. நான் சேலம் அம்மாபேட்டை பக்கம், தெரு பேர் வேணாம், சொன்னா யாருன்னு தெரிஞ்சிரும். 62 வீடு. நான் சின்னப்பையனா இருக்கப்ப காலையில தறி சத்தத்துலதான் முழிப்பே வரும், இப்ப நாலு வீட்லதான் ஓடுது, மத்தவங்க எல்லாம் ஜவுளிக்கடை, ஆட்டோ, கொலுசுப் பட்டறைன்னு போயிட்டாங்க. தெருக்கடைசியில பூட்டிக் கெடக்குற தறி ஷெட் ஒண்ணு, அதை ஒட்டி காலி மனை, சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு மண்டிக் கெடக்கு. மனைக்காரர் பெங்களூர்ல இருக்காராம்.

ஆடியில இருந்து மூணு சம்பவம் ஆயிடுச்சு. முதல்ல காலைல வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு இருந்த எங்க எதிர்வீட்டு அத்தை கழுத்துல இருந்து 3 பவுன், பைக்ல ரெண்டு பேரு, ஹெல்மெட், அத்தை கையில கோலமாவு டப்பாவோட அப்படியே உக்காந்துட்டாங்க, கத்தக்கூட வாய் வரல. அடுத்து வீட்டு முன்னாடி நிறுத்துன ஸ்பிளெண்டர் காணோம். மூணாவது, பண்டிகைக்கு ஊருக்குப் போன வீட்ல பூட்டை உடைச்சு பித்தளை அண்டா, குத்துவிளக்கு, சிலிண்டர்.

தெரு சங்கத்துல கூட்டம் போட்டோம். 16 கேமரா, ஹார்ட் டிஸ்க், யுபிஎஸ், ஒயரிங் எல்லாம் சேத்து கொட்டேஷன் வாங்கி வீட்டுக்கு 3000 வீதம் 1,86,000 வசூல்னு முடிவு. தெரு முக்குல இரும்பு கேட் போட்டு ராத்திரி 10 மணிக்கு மேல பூட்டிடணும்னும் பேச்சு. வாடகைக்கு இருக்குற ஒம்போது வீடு குடுக்க மாட்டேங்குறாங்க, மாசம் பத்தாயிரத்துல குடும்பம் ஓட்டுறவன் கழுத்துல எந்த செயின் கெடக்குதுன்னு கேக்குறாங்க, பதில் சொல்ல முடியல.

இன்னொண்ணு. அந்தக் காலி மனைகிட்ட சாயந்தரம் ஆனா நாலஞ்சு பசங்க உக்காந்திருப்பானுங்க, 15லருந்து 19 வயசு இருக்கும், ஸ்கூல் போறதில்ல, ஹான்ஸ் புகையிலை, அப்பப்ப வேற வாசனையும் வருது. எல்லாருக்கும் சந்தேகம் அவனுங்க மேலதான். அவனுங்கள ஸ்டேஷன்ல சொல்லி ரெண்டு தட்டு தட்டுனா சரியாப்போயிடும்னு செயலாளர் சொல்றாரு. வெளியூர்ல எல்லாம் தெருவே சேந்து பாதுகாப்புத் திட்டம் போடுறாங்கன்னு படிச்சிருக்கேன், அதெல்லாம் நம்ம சேலத்துல நடக்குமா, யாராவது செஞ்சு பாத்தவங்க இருந்தா சொல்லுங்க. கேமரா வாங்கலாமா வேணாமா, அது மட்டும் சொன்னாலும் போதும்.

---

ஃபைவ்ரோட்ஸ்_ரைடர்:

வாங்குங்க ப்ரோ. யோசிக்கவே வேணாம். எங்க தெருவுல என் வண்டி போச்சு, முக்குல இருந்த ஒரு வீட்டு கேமராவுல ஆள் மூஞ்சி தெளிவா விழுந்துச்சு, பதினோரு நாள்ல வண்டி கைக்கு வந்துருச்சு, ஒரு இண்டிகேட்டர் மட்டும் போச்சு. திட்டம், சமூகம்னு பேசறவங்க எல்லாம் பேசுவாங்க, வண்டி தொலைச்சவனுக்குத்தான் இஎம்ஐ கட்டுற வலி தெரியும். அந்தப் பசங்க விஷயத்துலயும் செயலாளர் சொல்றதுதான் சரி. பயம் இருந்தாத்தான் அடங்குவானுங்க.

---

ஓய்வு_ஏட்டு:

தம்பி, நான் சர்வீஸ்ல 31 வருஷம் இருந்துட்டு வந்தவன், எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க. கேமரா வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன், எத்தனையோ கேஸ் அதாலதான் பிடிச்சோம். ஆனா 16 எதுக்கு? உங்க தெருவுக்கு வர்ற வழி எத்தனை, போற வழி எத்தனை, அதை மொதல்ல எண்ணுங்க. செயின் அறுக்குறவன் உள்ள வந்து கொஞ்ச நேரம் சுத்துவான், அறுத்த பிறகு நின்னு பாக்க மாட்டான், வேற முக்கு வழியா பைபாஸ் பக்கம் போயிடுவான். அந்த ரெண்டு மூணு முக்குல நம்பர் பிளேட் விழற மாதிரி கீழ எறக்கி மாட்டுங்க. நம்ம ஆளுங்க மொட்டைமாடியில மாட்டிடுறாங்க, தலை மட்டும்தான் தெரியும், ஹெல்மெட் தலை. ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்துல பிளேட் வெறும் வெள்ளைக் கட்டமா தெரியும், அதுக்கும் ஏத்த கேமரா கேட்டு வாங்குங்க. டிஸ்க் சின்னதா இருந்தா பத்து பதினஞ்சு நாள்ல பழசு அழிஞ்சு மேலயே பதிவாயிடும், சம்பவம் ஆன அன்னிக்கே காப்பி எடுத்து வைக்கணும். எல்லாத்துக்கும் மேல ரிப்பேர் ஆனா யாரு பாக்குறது? நான் பாத்த வரைக்கும் மூணாவது வருஷத்துல பாதி கேமராவுக்குள்ள குளவிதான் கூடு கட்டியிருக்கும்.

அடுத்து அந்த இரும்பு கேட். அது மாநகராட்சி ரோடு தம்பி, உங்க வீட்டு வாசல் இல்ல. சங்கம் நெனச்சா பூட்ட முடியாது. ராத்திரி 1 மணிக்கு யாருக்காவது நெஞ்சுவலின்னா 108 வந்து கேட்டுக்கு வெளியில நிக்கும், சாவி வச்சிருக்கறவரு தூங்கிட்டு இருப்பாரு.

நான் செய்யச் சொல்றது காசு இல்லாத வேலை. ஸ்டேஷனுக்குப் போய் உங்க ஏரியா பீட், அதான் ரோந்து போலீஸ், யாருன்னு கேளுங்க. ரோந்து வர்றவங்க கையெழுத்துப் போட பட்டா புக் எங்க மாட்டியிருக்குன்னு கேளுங்க. பாதி தெருவுல அது மெயின் ரோட்டு கடையில தொங்கும், போலீஸ் அங்கயே கையெழுத்துப் போட்டுட்டு திரும்பிடுவாங்க, நானே போட்டிருக்கேன் ஒத்துக்கிறேன். அதை தெருக்கடைசியில, அந்த மூடின ஷெட்டுகிட்ட மாட்டச் சொல்லுங்க. கையெழுத்துப் போடறதுக்காகவாவது வண்டி அங்க வரைக்கும் வந்துதான் ஆகணும். ஊருக்குப் போறப்ப ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பூட்டிக் கெடக்கற வீட்டை ரோந்துல பாக்கறது வழக்கம்தான், எந்த வீடுன்னு தெரிஞ்சாத்தானே பாப்பாங்க.

அந்த மூணு சம்பவத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம். சின்னதா நடந்து புகார் குடுக்காம விட்டதையும் சேத்து எழுதுங்க, செருப்பு, செல்போன், சைக்கிள், பொம்பளைப் புள்ளைங்கள ஓட்டுனது எல்லாம். எழுதிப் பாத்தா உங்களுக்கே தெரியும், செயின் அறுத்தவனும் அண்டா தூக்குனவனும் ஒரே ஆளு கெடயாது. முதல் கேஸ் வெளியூர்ல இருந்து வண்டியில வர்ற தொழில்காரன். அண்டா, சிலிண்டர் எடுத்தவன் உள்ளூர்ல அவசரக் காசு தேடுனவன். ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுத்தா எப்படி?

ரெண்டு தட்டு தட்டுறது பத்தி. தட்டிப் பாத்தவன் சொல்றேன், தட்டி அனுப்புனவன் திரும்பி வரும்போது கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருவான். இன்னொண்ணு, தெருப் பசங்க கையில லத்தி குடுத்து ராத்திரி ரோந்துன்னு கெளம்பிடாதீங்க. போலீஸ் நண்பர்கள் குழு 1993ல ராமநாதபுரத்துல ஆரம்பிச்சப்ப நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சாங்க, 2020ல சாத்தான்குளத்துல அப்பா, மகன் போலீஸ் காவல்ல செத்ததுக்கு அப்புறம் அரசே அதுக்கு தடை போட்டுச்சு. கூட நிக்கறது வேற, அதிகாரம் பண்றது வேற.

---

மலைமேல_காபி:

ஏற்காட்டுல எங்க கதை இன்னும் மோசம், பாதி வீடு பூட்டித்தான் இருக்கும், ஓனருங்க சென்னை, பெங்களூர். சீசன்ல கூட்டம், மத்த நாள்ல ஆளே இல்ல. பனி இறங்குனா பக்கத்து வீட்டு கேட்டே தெரியாது, அதுல கேமரா என்னத்தைப் பாக்கும்? எங்க லைன்ல ஏழு வீட்டுக்கு ஒரே ஒரு பாட்டிதான் காவல்னு சொல்லலாம். திண்ணையில உக்காந்து யார் வர்றா யார் போறான்னு பாத்துட்டே இருக்கும், எந்த எஸ்டேட் வண்டி, எந்த டூரிஸ்ட் வண்டின்னு சரியா சொல்லும். போன வருஷம் காயப்போட்ட மிளகு மூட்டை தூக்க வந்தவன் அதைப் பாத்துட்டுதான் திரும்பிப் போனான். பாட்டிக்கு குழந்தைங்க உதவி நம்பர் 1098ம் தெரியாது, அவசர நம்பர் 112ம் தெரியாது, சத்தம் மட்டும் பெருசு.

---

கிச்சிப்பாளையம்_அக்கா:

நான் மகளிர் குழுக்கள்ல பத்து வருஷத்துக்கு மேல வேலை செய்யறேன். தம்பி, உங்க பதிவ ரெண்டு தடவை படிச்சேன், 62 வீடு, 16 கேமரா, 3 பவுன் எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு, அந்தப் பசங்க மட்டும் "நாலஞ்சு". நாலா அஞ்சா? யார் வீட்டுப் பசங்க? உங்க தெருதானே, தெரியாமயா இருக்கும்?

கேமரா பத்தி ஏட்டு அண்ணன் சொல்லிட்டாரு. நான் எங்க பகுதியில செஞ்சதை சொல்றேன், பெரிய விஷயம் எல்லாம் இல்ல. ஒரு நாள் ராத்திரி ஒம்போது மணிக்கு பொம்பளைங்க மட்டும் 14 பேர் தெருவை நடந்தே பாத்தோம். ஆம்பளைங்க வரக்கூடாதுன்னு சொல்லிட்டோம், வந்தா அவங்கதான் பேசுவாங்க. பட்டறைக்குப் போயிட்டு லேட்டா வர்ற ரெண்டு பொண்ணுங்க, டியூஷன் போற ஒரு பத்தாவது புள்ள, மீன் விக்கிற அம்மா, கண்ணு மங்கலா தெரியற ஒரு பெரியம்மா. ஒவ்வொரு கம்பத்துக்கும் கீழ நின்னு எரியுதா, மரக்கிளை மறைக்குதா, கம்பம் நம்பர் என்னன்னு எழுதினோம். மொத்தம் 11 லைட்டு, எரிஞ்சது ஏழு, அதுலயும் ஒண்ணு புங்கமரத்துக்குள்ள எரிஞ்சிட்டு இருந்துச்சு, காக்காவுக்கு மட்டும் வெளிச்சம்! அந்த பத்தாவது புள்ள ஒரு முக்கு வந்ததும் தானா நடையை வேகமாக்குச்சு. ஏன்டீன்னு கேட்டா, "இந்த எடத்துல எப்பவுமே இப்படித்தான் நடப்பேன் ஆன்ட்டி"ங்குது. பட்டப்பகல்ல நாங்க நூறு தடவை தாண்டிப்போன முக்கு அது. அன்னிக்கு வரைக்கும் எங்க யாருக்குமே அது ஒரு இடமாவே படல.

கேரளாவுல குடும்பஸ்ரீங்கற மகளிர் குழுப் பொம்பளைங்க இதையேதான் வரைபடமா போட்டு பஞ்சாயத்துல குடுக்கறாங்க, எந்த எடத்துல எந்த மாதிரி தொல்லைன்னு குறிச்சு. அவங்க வீட்டுக்குள்ள நடக்குற அடியையும் அதுல சேக்கறாங்க. நம்ம ஊர்ல தெருவுல நடந்தாத்தான் குற்றம், கதவுக்குள்ள நடந்தா குடும்ப விஷயம். உங்க 62 வீட்ல ராத்திரி சத்தம் வர்ற வீடு எதுன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கு 181ன்னு பெண்கள் உதவி நம்பர் ஒண்ணு இருக்குன்னு யாராச்சும் சொல்லியிருப்பீங்களா?

இப்ப பசங்க. 18 வயசுக்கு கீழ இருந்தா அவன் சட்டப்படி குழந்தை. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நல போலீஸ் அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும், அவர் யூனிஃபார்ம் இல்லாமத்தான் குழந்தைகிட்ட பேசணும். இளைஞர் நீதிச் சட்ட விதிகள்படி பெரிய கொடூரமான குற்றமா இருந்தாலோ, பெரியவங்களோட சேந்து செஞ்சிருந்தாலோ ஒழிய பையன் மேல எஃப்ஐஆரே போடக்கூடாது, டைரியில எழுதி குடும்பச் சூழ்நிலை அறிக்கைதான் தயார் பண்ணணும். அப்படி இருக்கப்ப ரெண்டு தட்டுங்கறதுக்கு எந்தச் சட்டத்துலயும் இடமில்ல. அதே சட்டத்துல, குழந்தைக்கு போதைப் பொருள் குடுக்கறவனுக்கு ஏழு வருஷம் வரைக்கும் சிறை இருக்கு. உங்க கோவத்தை ஹான்ஸ் விக்கிற கடைக்காரன் மேல காட்டுங்க, அவன்தான் வயசு வந்தவன். போதைப் பொருள் புகார் நம்பர் 10581ல சொல்லலாம், பேர் சொல்ல வேண்டியதில்ல.

வார்டு அளவுல குழந்தைகள் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், கவுன்சிலர் தலைமையில. உங்க வார்டுல இருக்கா, எப்ப கூடுச்சுன்னு கேளுங்க. பத்தாவது, பன்னெண்டாவது முடிச்சுட்டு எங்கயும் சேராத பசங்களுக்கு அரசோட நான் முதல்வன் திட்டத்துல "உயர்வுக்குப் படி"ன்னு முகாம் நடத்தறாங்க, அங்கயே ஐடிஐ, பாலிடெக்னிக், காலேஜ் சேக்கை. அரசுப் பள்ளியில படிச்சு மேல சேந்தா பையனுக்கு தமிழ்ப் புதல்வன், பொண்ணுக்கு புதுமைப் பெண், மாசம் ஆயிரம் ரூபா. பட்டறையில பாலிஷ் போட்டா அந்த ஆயிரம் மூணு நாள்ல வந்துரும்னு பசங்க சொல்லுவாங்க, அது உண்மையும்தான். அதனால சும்மா நோட்டீஸ் குடுத்தா வரமாட்டாங்க, ஒருத்தர் கூடப் போய் வரிசையில நிக்கணும், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார் பேர் தப்பு இதுலயே பாதிப் பேர் திரும்பிடுவான். எங்க குழுவுல ஆறு பசங்களுக்காக அலைஞ்சோம், ரெண்டு பேர் சேந்தாங்க, ஒருத்தன் பாதியில விட்டுட்டான். ஒருத்தன் ஃபிட்டர் முடிச்சு வேலைக்குப் போறான். கணக்குப் பாத்தா கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கேள்வி தம்பி. அந்தப் பசங்க போட்டோ எதுவும் உங்க தெரு வாட்ஸாப் குரூப்ல போடலயே?

---

நகரமைப்பு_படிச்சவன்:

அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்ல பெருசா எதுவுமில்ல, இதையெல்லாம் எங்க கொண்டுபோய் குடுக்கறதுன்னு மட்டும் சொல்றேன், ஏன்னா நல்ல லிஸ்ட் எல்லாம் கடைசியில யார் பீரோவுலயோ தூங்கிடும்.

அரசியல் சட்டத்தோட 74வது திருத்தத்துலயே 3 லட்சம் பேருக்கு மேல இருக்குற ஊர்ல வார்டு கமிட்டி வேணும்னு சொல்லிட்டாங்க, 1993ல இருந்து அமல்ல இருக்கு. நம்ம மாநிலத்துல வார்டு கமிட்டி, பகுதி சபைக்கு விதி வந்ததே 2022லதான். அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல பகுதி சபை கூட்டம் நடந்துச்சு. சேலத்துல 60 வார்டு, ஒவ்வொண்ணுக்கும் கவுன்சிலர்தான் வார்டு கமிட்டி தலைவர், வார்டை பகுதி பகுதியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் சபை. கிராம சபை மாதிரிதான், ஆனா கிராமத்துல சண்டை போடவாவது வருவாங்க, நகரத்துல பிரியாணி போட்டாத்தான் வருவாங்க. பத்து பேர் வந்து நிக்கிற கூட்டத்துல நீங்க 40 பேரா கம்பம் நம்பரோட போய் நின்னா கதையே வேற. வாயால சொல்லாதீங்க, எழுதிக் குடுத்து நகல்ல கையெழுத்து வாங்குங்க.

லைட்டு மாநகராட்சி, கம்பம் மின்வாரியம், இது தெரியாம பாதிப் பேர் தப்பான ஆபீஸ்ல சண்டை போட்டுட்டு வருவாங்க. காலி மனைக்கு புதர் வெட்டச் சொல்லி ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லி மண்டல ஆபீஸ்ல கேளுங்க, உங்களுக்கு அம்மாபேட்டை மண்டலம். காசு திரட்டியே தீரணும்னா நமக்கு நாமே திட்டத்துல போடலாம், பொதுவா மூணுல ஒரு பங்கு நீங்க கட்டுனா மீதி அரசு போடும். உங்க 1,86,000 அங்க போனா அஞ்சரை லட்சம் வேலைக்கு ஆகும். இது தெரியாம கேமராக் கடைக்காரனுக்கு முழுசா கொட்றது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

ரைடர் ப்ரோ சண்டைக்கு வருவாரு, அதனால ஒரு தகவல். பிரிட்டன்ல தெருவிளக்கு பத்தின ஆய்வுகள எல்லாம் சேத்து 2002ல அவங்க உள்துறை ஒரு அறிக்கை போட்டுச்சு. லைட்டு நல்லா போட்ட ஏரியாவுல குற்றம் குறைஞ்சுது, விசேஷம் என்னன்னா ராத்திரி மட்டுமில்ல, பகல்லயும் குறைஞ்சுது. பகல்ல லைட்டு எரியாதே, அப்புறம் எப்படி? யாரோ நம்ம தெருவ கவனிக்கறாங்கன்னு ஜனங்களுக்கு தோணி வாசல்ல உக்காந்து பேச ஆரம்பிச்சதாலன்னு விளக்கம் சொன்னாங்க. ஏற்காட்டுப் பாட்டிய நெனச்சுக்கோங்க. கேமராவும் உதவுது, அதிகமா உதவுனது வண்டி நிறுத்துற இடங்கள்ல. ஸோ ரைடர் ப்ரோவோட வண்டி கதை ஆய்வுக்கு எதிரானது இல்ல.

ஸ்காட்லாந்துல கிளாஸ்கோன்னு ஒரு ஊர், கத்திக்குத்துக்கு பேர் போனது. 2005ல போலீஸே ஒரு பிரிவு ஆரம்பிச்சு, இது தொத்து வியாதி மாதிரி, பரவுற இடத்துலயே பிடிக்கணும்னு டாக்டர், வாத்தியார், வேலை குடுக்கறவங்க எல்லாரையும் ஒரே மேசையில உக்கார வச்சாங்க. நம்ம ஊருக்கு அப்படியே காப்பி அடிக்கணும்னு சொல்லல, அவங்க வருமானம் வேற நம்ம வருமானம் வேற. ஆனா அந்த ஒரே மேசைங்கற விஷயம் இங்க நடக்கவே மாட்டேங்குது. அங்கன்வாடிக்காரங்க, நர்ஸ், பீட் போலீஸ், ஹெச்எம், சானிட்டரி இன்ஸ்பெக்டர் எல்லாம் அதே தெருவுக்குத்தான் வர்றாங்க, வேற வேற நாள்ல வேற வேற நோட்டோட.

---

ஃபைவ்ரோட்ஸ்_ரைடர்:

சரி சார், ஒத்துக்கறேன், லைட்டும் வேணும். ஆனா பகுதி சபை கூடி, நோட்டீஸ் போய், பெங்களூர்க்காரன் பதில் போடறதுக்குள்ள இன்னும் நாலு செயின் போயிருக்கும். கேமரா நாளைக்கே மாட்டலாம். அதுக்கு என்ன சொல்றீங்க?

---

ஓய்வு_ஏட்டு:

நாளைக்கே ரெண்டு மாட்டச் சொல்லுங்க தம்பி. யார் வேணாம்னா.

---

தறிவீட்டுக்காரன் (அஞ்சு வாரம் கழிச்சு):

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க, லேட்டாயிடுச்சு. நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிடறேன்.

ஏட்டு ஐயா சொன்ன மாதிரி எழுதிப் பாத்தோம். மூணு சம்பவம்னு நெனச்சது எழுத எழுத பதினேழு ஆச்சு. பாதி செல்போன், சைக்கிள். அதுல அஞ்சு, பொண்ணுங்க இதுவரைக்கும் வீட்ல சொல்லாதது, என் தங்கச்சி மகளோடதும் ஒண்ணு. அஞ்சும் அந்த ஷெட் சுவத்துகிட்டதான். எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல.

அக்கா, ராத்திரி நடைக்கு 14 பேர் எல்லாம் வரல, ஒம்போது பேர்தான், சங்கத்துல ஒருத்தரு இதெல்லாம் பொம்பளைங்க ஊர்வலமான்னு சிரிச்சாரு. செயின் போன எதிர்வீட்டு அத்தை மட்டும் டார்ச் எடுத்துட்டு முன்னாடி நடந்தாங்க. முட்டி வலின்னு கோயிலுக்கே போகாதவங்க. லைட்டு 13, எரிஞ்சது எட்டு. கடைசி நாலு கம்பமும் ஷெட்டு பக்கம், நாலும் அவுட்டு. மனு குடுத்து ரெண்டு வாரத்துல மூணு எரிய ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு அடுத்த நாள் அங்க ஒரு அக்கா தட்டுவடை செட் கடை போட்டுடுச்சு, சாயந்தரம் ஆறுல இருந்து ஒம்போதரை, பீட்ரூட் துருவுற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. யாரும் திட்டம் போட்டு வைக்கல, வெளிச்சத்தைப் பாத்து தானா வந்துச்சு. இப்ப அந்த முக்குல எப்பவும் எட்டு பேர் நிக்கறாங்க.

பட்டா புக்கை ஷெட்டுகிட்ட மாட்டச் சொன்னதுக்கு, பாக்கலாம்னாங்க, ஒரு வாரம் ஒண்ணும் ஆகல, அப்புறம் ஒரு புது எஸ்ஐ வந்து மாட்டிட்டுப் போனாரு. கேமரா ஆறு வாங்கினோம். கேட் போடல. வாடகை வீட்டுக்காரங்ககிட்ட காசு கேக்கல. மீதிப் பணத்தை நமக்கு நாமேல கட்டறதான்னு இன்னும் சண்டை ஓடுது, செயலாளர் நாலு நாளா என்கிட்ட பேசறதில்ல.

பசங்க நாலு பேர் அக்கா. எண்ணிட்டேன். ரெண்டு பேர் எங்க தெரு, ஒருத்தன் பக்கத்து சந்து, ஒருத்தன் எங்கப்பாகிட்ட பாவு போட வந்துட்டு இருந்தவரோட பேரன். அவர் செத்து ரெண்டு வருஷம் ஆகுது, அந்த வீட்ல தறியை எடைக்குப் போட்டாங்க, அந்த வண்டியில ஏத்தும்போது நானும்தான் ஒரு பக்கம் புடிச்சேன். எனக்கு அந்தப் பையனை தெரியாதுன்னு இல்ல, பாக்காத மாதிரி போயிட்டு இருந்தேன். ஒருத்தனை முகாமுக்கு கூட்டிட்டுப் போயிருக்கோம், ஆதார்ல பேர் தப்பு, நீங்க சொன்ன அதே கதை. பெரியவனுக்கு 19 ஆகுது, அவனுக்கு சரக்கு இல்லாம கை நடுங்குது, பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லி பேசிட்டு இருக்கோம், இன்னும் வரல. ஸ்பிளெண்டர் கிடைக்கல. அண்டா எடுத்தது அவனுங்கதானான்னு இப்பவும் எனக்குத் தெரியாது.

அக்கா கடைசியா ஒரு கேள்வி கேட்டீங்க, அப்ப பதில் போடல. போட்டோம். செயலாளர் எடுத்தாரு, "இவனுங்கள பாத்துக்கோங்க"ன்னு போட்டாரு, நாலு பேர் மூஞ்சியும் தெளிவா. நான்தான் அதை எங்க சொந்தக்காரங்க குரூப்புக்கும் பக்கத்து தெரு குரூப்புக்கும் ஃபார்வர்டு பண்ணேன். உங்க கேள்விய படிச்சப்புறம் ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பேரனோட அம்மா வீட்டுக்கு வந்துச்சு. சத்தம் போடல. ஜவுளிக்கடையில அவங்க முதலாளி காட்டுனாராம், "இது உன் பையன்தானே"ன்னு. அந்தப் போட்டோவ என்கிட்ட நீட்டி, "இத எப்படிண்ணே அழிக்கறது, எனக்கு போன் அவ்வளவா தெரியாது"ன்னு கேட்டுச்சு. நான்தான் அனுப்புனதுன்னு அதுக்குத் தெரியாது.

---

கிச்சிப்பாளையம்_அக்கா:

சட்டப்படி அது தப்பு, குழந்தைங்க அடையாளத்தை வெளியிடக்கூடாதுன்னு தனியா பிரிவே இருக்கு, குரூப்ல எல்லாருக்கும் சொல்லுங்க. அது கெடக்கட்டும். நீங்க அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?

---

தறிவீட்டுக்காரன்:

அன்னிக்கு சொல்லலக்கா, அழிச்சுக் குடுத்து அனுப்பிட்டேன். மறுநாள் போய் சொன்னேன். கதவை சாத்திக்கிச்சு. என் போன்ல அழிச்சாச்சு, ரெண்டு குரூப்லயும் அழிக்கச் சொல்லி எழுதிட்டேன், 140 பேர் இருக்காங்க, பதினோரு பேர் கட்டைவிரல் போட்டிருக்காங்க.

13வது கம்பம் இன்னும் எரியல. திங்கக்கிழமை மறுபடி மண்டல ஆபீஸ் போறேன், ஆதார் திருத்தம் அதே பக்கம்தான், பையனையும் வண்டியில ஏத்திக்கலாம்னு இருக்கேன், அவங்க அம்மா விட்டா.